ஸ்விங்: சொல்லும் பொருளும் தமிழும்

ஸ்விங் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கிரிக்கெட். இசையில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. ‘ஸ்விங் பேண்ட்’ ஒன்றின் திறந்தவெளி நிகழ்ச்சியில் கூட்டம் ஏன் நாற்காலியில் உட்கார மறுக்கிறது என்பதற்கான விடை அந்தப் பொருளில்தான் இருக்கிறது.

தாளத்தின் ஒரு தட்டைச் சரிபாதியாகப் பிரிக்காமல், முதல் பாதியை நீட்டி, இரண்டாம் பாதியைக் குறுக்கி வாசிப்பதே ஸ்விங். கர்நாடக இசை தெரிந்தவர்கள் ‘தகிட’ என்று சொல்லிப் பார்க்கலாம். நடுவில் உள்ள ‘கி’யை விழுங்கிவிட்டு ‘தா…ட தா…ட’ என்று ஓட்டினால் கிட்டத்தட்ட வந்துவிடும். கிட்டத்தட்டத்தான்! பாட்டு மெதுவாக இருந்தால் நீட்டலுக்கும் குறுக்கலுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும். வேகம் கூடக் கூட இரண்டும் சம அளவை நெருங்கும். இதை எழுத்தில் பிடிப்பது கடினம். அதனால் இசைத்தாளில் சம அளவாகவே எழுதி, மேலே ‘ஸ்விங்’ என்று ஒரு சொல் குறித்துவிடுவார்கள். மீதி வாசிப்பவரின் பாடு.

அழுத்தம் விழும் இடமும் முக்கியம். டிரம்ஸ் வாசிப்பவரின் இடது காலைக் கவனித்தால் புரியும். மிதியை அழுத்தியதும் ஹை-ஹாட் என்ற இரட்டை உலோகத் தகடு மூடிக்கொண்டு ‘சிக்’ என்கிறது. நான்கு தட்டில் அந்த ‘சிக்’ இரண்டாவதிலும் நான்காவதிலும் விழுகிறது. கூட்டம் ஆர்வக் கோளாறில் ஒன்றிலும் மூன்றிலும் கைதட்டினால், மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்விங்’ என்பதன் வேர்ச்சொல்லுக்கு அடித்தல், வீசுதல் என்று பொருள். தொங்கி ஆடுதல், ஊஞ்சல் ஆகிய பொருள்கள் பின்னால் வந்தவை. அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் இதை முதலில் ஒரு குணத்தின் பெயராகத்தான் வழங்கினார்கள்: ஒரு குழு ஸ்விங் செய்யும், அல்லது செய்யாது. ஸ்விங் இல்லாவிட்டால் எதற்கும் அர்த்தமில்லை என்ற பொருளில் ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டன் 1932இல் பதிவு செய்த பாட்டிலும் இந்தப் பொருள்தான். 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் பாலோமார் நடன அரங்கில் பென்னி குட்மனின் குழுவுக்குக் கிடைத்த வரவேற்புக்குப் பிறகு அது ஓர் இசை வகையின் பெயராகிக் கடைவீதிக்கு வந்துவிட்டது. ‘ஸ்விங் மன்னர்’ பட்டம் வெள்ளையரான குட்மனுக்குப் போனது. அவர் குழு வாசித்த பல உருப்படிகளை அமைத்துக் கொடுத்த கறுப்பினக் கலைஞர் ஃபிளெட்சர் ஹென்டர்சனை எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த இசை திறந்தவெளிக்கு வரவும் அதிக நாள் ஆகவில்லை. 1938 மே 29 அன்று நியூயார்க்கின் ராண்டால்ஸ் தீவு விளையாட்டரங்கில் இருபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் வாசித்தன. இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் கூடினர். ஆனால் சொல்லின் பொருளை விளக்க எனக்குப் பிடித்த சான்று 1956 ஜூலை 7, அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழா. ஸ்விங்கின் பொற்காலம் முடிந்து பத்தாண்டு ஆகியிருந்தது. அன்றிரவு எலிங்டன் குழுவில் பால் கொன்சால்வெஸ் சாக்ஸபோனில் 27 சுற்றுகள் தனியாக வாசித்தார். மேடையோரம் இருந்த டிரம்ஸ் மேதை ஜோ ஜோன்ஸ் சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டி ஊக்கினார். பார்வையாளர் பகுதியில் ஒரு பெண் எழுந்து ஆட, கூட்டமே எழுந்துவிட்டது. வகை பழசாகியிருந்தது; குணம் போகவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘பேண்ட்’ எளிது: இசைக்குழு. ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், கூடவே பியானோ, கித்தார், டபுள் பாஸ், டிரம்ஸ் என்று 17 பேர் கொண்டதைப் பெரிய இசைக்குழு எனலாம். (வெளியில் வாசிக்கும்போது காற்றில் தாள் பறக்காமல் இருக்கத் துணி கவ்விகளை மாட்டிக்கொள்வது இவர்களின் வழக்கம்.)

‘ஸ்விங்’தான் சிக்கல். ‘ஊஞ்சலிசை’ என்றால் ஊஞ்சல் பாட்டு என்றே நினைப்பார்கள். திருவாசகத்தின் திருப்பொன்னூசல் தொடங்கி அதற்குத் தனி மரபு இருக்கிறது. ‘ஊசல் நடை’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருள் நேர்மாறு. ஊசல் போகவும் வரவும் ஒரே நேரம் எடுக்கும். ஸ்விங்கின் உயிரே அந்தச் சமமின்மை. தொங்கி ஆடுவதற்குப் பழந்தமிழில் ‘தூங்கல்’ என்றொரு சொல் உண்டு. வஞ்சிப்பாவின் ஓசைக்கே தூங்கல் ஓசை என்று பெயர். ஆனால் ‘தூங்கலிசைக் கச்சேரி’ என்று சுவரொட்டி ஒட்டினால் தலையணையோடு வருவார்கள்.

அதே யாப்பில் கலிப்பாவுக்கு உரியது துள்ளல் ஓசை. நீட்டிக் குறுக்கும் தாளம் உடலில் ஏற்படுத்தும் விளைவை அந்தச் சொல் நேராகச் சொல்கிறது. ‘துள்ளலிசை’ என்று வைத்தால் எல்லாக் குத்தாட்டப் பாட்டும் அதில் அடங்கிவிடும். ஆகவே தாளக் குணத்துக்குத் ‘துள்ளல் நடை’, வரலாற்றில் நிலைத்த இசை வகைக்கு ‘ஸ்விங் இசை’ என்று பிரித்து வழங்குவதே என் தேர்வு.

எடுத்துக்காட்டு: ‘அது பேர்பெற்ற ஸ்விங் இசைக்குழுதான், ஆனால் இடைவேளைக்குப் பிறகுதான் துள்ளல் நடை கூடி வந்தது.’