ஆக்கநிரல்: பில்ட் ஸ்கிரிப்டுக்கு ஒரு நெல்லைச் சொல்

கல்யாண வீட்டில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் கொட்டகைக்குத் தெற்கே ஆக்குப்புரை என்று பெயர். பில்ட் ஸ்கிரிப்டுக்குத் தமிழ் தேடுகிறவர்கள் அங்கே எட்டிப் பார்த்தால் போதும்.

ஒரு நிரலகத்தின் மூலநிரல் கைக்கு வந்த உடனே ஓடிவிடாது. கோப்பு கோப்பாகத் தொகுக்க வேண்டும், தொகுத்தவற்றைப் பிணைக்க வேண்டும், சோதித்துப் பார்த்து உரிய அடைவில் (ஃபோல்டரில்) நிறுவ வேண்டும். இத்தனையும் வரிசை பிசகாமல் தானாக நடக்க எழுதிவைத்த கட்டளைகளே பில்ட் ஸ்கிரிப்ட். (லைப்ரரியை நூலகம் என்றே இன்னும் எழுதுகிறார்கள். பாளையங்கோட்டையில் போய்ப் புத்தகம் எடுக்கிற இடம் நூலகம், இது நிரலகம்.)

ஆங்கில ‘பில்ட்’, குடியிருப்பைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் ஒன்றின் வழி வந்தது. வீடு கட்டுவதுதான் அதன் முதற்பொருள். ‘ஸ்கிரிப்ட்’ லத்தீனில் ‘எழுதப்பட்டது’. அதைப் பார்த்துக் ‘கட்டமைப்பு நிரல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஸ்ட்ரக்சருக்கும் கட்டமைப்பு, ஆர்க்கிடெக்சருக்கும் கட்டமைப்பு, கான்ஃபிகரேஷனுக்கும் கட்டமைப்பு என்று ஏற்கெனவே ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. நாலாவது வேண்டாம்.

இந்த வேலைக்கென்று வந்த கருவிகளில் பெரும்புகழ் பெற்றது ‘மேக்’. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. மேக் என்றால் ஆக்கு. ஆகு தன்வினை, ஆக்கு பிறவினை, அடங்கு–அடக்கு போல. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் இப்படி வல்லெழுத்து இரட்டித்துப் பிறவினையாகும் சொற்களைத் தம் ஒப்பிலக்கணத்தில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கோப்பு தானாக ஆகாது, ஒருவர் ஆக்க வேண்டும் என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சோறாக்குவதும் அதே சொல்தான்.

சமையல் ஒப்புமை நாமாக ஒட்டவைத்ததும் இல்லை. மேக் கோப்பில் இலக்குக்குக் கீழே வரும் கட்டளை வரிகளை குனூ மேக் என்ற பதிப்பின் கையேடே ‘ரெசிப்பி’ என்கிறது. தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியை மேக் கோப்பாக எழுதினால் இப்படி வரும்:

சொதி: வெந்தகாய் முதற்பால்
வெந்தகாய்: காய்கறி பாசிப்பருப்பு இரண்டாம்பால்

முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் இலக்கு, வலப்பக்கம் அது சார்ந்திருப்பவை. காய் இரண்டாம் பாலில் வெந்த பிறகே முதற்பால் சேர வேண்டும். முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். தொட்டுக்கொள்ளும் இஞ்சித் துவையலில் உப்பு குறைந்தால் துவையலை மட்டும் திரும்ப அரைப்போம், சொதியை இறக்கிக் கொட்டமாட்டோம். மேக்கும் அப்படித்தான். கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தை ஒப்பிட்டு, இலக்கைவிடப் புதிதாக ஏதாவது சார்பு இருந்தால் அந்த இலக்கை மட்டும் மறுபடி ஆக்கும். எனவே பில்ட் என்ற வினைக்கு ஆக்கு, விளைவுக்கு ஆக்கம், பில்ட் ஸ்கிரிப்டுக்கு ஆக்கநிரல், மேக்ஃபைலுக்கு ஆக்குகோப்பு. கம்பைல் என்பது தொகுத்தல் மட்டுமே, ஆக்கத்தில் ஒரு படி. இரண்டையும் ஒன்றாக எழுதக்கூடாது.

ஆக்குகோப்பில் கட்டளை வரி ‘டேப்’ விசையைத் தட்டித் தொடங்க வேண்டும். எட்டு இடைவெளி தட்டினால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், மேக் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று நின்றுவிடும். வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய வரிகளில்தான் பெரும்பாலும் இது வரும்.

அடுத்தது கஸ்டமைஸ். ‘தனிப்பயனாக்கம்’ என்ற சொல் கைபேசித் திரையின் வண்ணம் மாற்றச் சரி. ஆக்கநிரலில் செய்வது நம் கணினிக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றுவது, ‘ஏற்பமைத்தல்’ பொருந்தும். இதில் அதிகம் பேரை மடக்குவது, சி மொழித் தொகுப்பிக்குத் தரும் கொடிகளை (எப்படித் தொகுக்க வேண்டும் என்று சொல்லும் குறிகளை) வைத்திருக்கும் சிஃப்ளாக்ஸ் மாறி. நிரலகத்தின் ஆக்குகோப்பு, பகிர்வு நிரலகத்துக்குத் தேவையான எஃப்பிக் கொடியை ‘சிஃப்ளாக்ஸ் கூட்டல்-சமம்’ என்று சேர்த்திருக்கும். நாம் வேகம் வேண்டி மேக் கட்டளையோடேயே சிஃப்ளாக்ஸுக்கு ஓ3 என்று மதிப்புக் கொடுப்போம். கட்டளை வரியில் கொடுத்த மதிப்பு கோப்பில் உள்ளதை மேலிட்டுவிடும். கோப்பிலிருக்கும் கூட்டலும் செல்லாது. தொகுப்பு ஒழுங்காக முடியும், பிணைக்கும்போதுதான் ‘எஃப்பிக்குடன் மறுபடி தொகு’ என்று பிழை வரும். குற்றம் நம்முடையதல்ல. கட்டாயக் கொடிகளை ஆசிரியர் தனி மாறியில் வைத்துத் தொகுப்பு விதியில் நேரே சேர்த்திருக்க வேண்டும். அல்லது அந்தக் கூட்டல் வரிக்கு முன் ‘ஓவர்ரைடு’ என்று போட்டிருக்க வேண்டும். ஷெல்லின் சூழல் மாறியாகக் கொடுத்தால் நிலைமை வேறு: கோப்பில் சமக்குறியிட்டு எழுதிய மதிப்பே வெல்லும். ‘கேள்விக்குறி-சமம்’ என்று எழுதியிருந்தால் நம்முடையது நிற்கும்.

தலைப்புக் கோப்பை (ஹெடரை) திருத்தியும் பழைய ஆக்கமே வருகிறதா? அது சார்புப் பட்டியலில் இல்லை என்று பொருள். தொகுக்கும்போது ஜிசிசி என்ற தொகுப்பியிடம் எம்எம்டி, எம்பி கொடிகளைக் கொடுத்தால் பட்டியலை அதுவே எழுதித் தரும்; அதை ஆக்குகோப்பில் ‘இன்க்ளூட்’ செய்வது நம் பொறுப்பு.

கொடியை மட்டும் மாற்றினால் எந்தக் கோப்பின் நேரமும் மாறாது. அதனால் மேக் ஒன்றும் செய்யாமல் ‘எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது’ என்றுவிடும். அதற்குத்தான் ‘கிளீன்’ என்ற இலக்கு. துப்புரவு என்பதைவிட நெல்லைப் பக்கத்து ‘ஏனங்கழுவல்’ (ஏனம் என்றால் பாத்திரம்) இதற்குப் பொருத்தம்: பழைய ஆக்கங்களைக் கழித்துவிட்டு ஏனத்தைக் கவிழ்த்து வைப்பது. அடைவில் தற்செயலாகக் கிளீன் என்ற பெயரிலேயே ஒரு கோப்பு இருந்துவிட்டால் மேக் அதையே இலக்கு என்று எண்ணிக் கழுவாமல் விட்டுவிடும். அது கோப்பில்லை, வெறும் பெயர்தான் என்று ‘ஃபோனி’ வரியில் சொல்லிவைக்க வேண்டும்.