படையிலிருந்து சைன் ஆஃப் பண்ணுமுன் ஒரு கணக்கு

"அக்கா, வெளியே மாசம் எண்ணூறு வெள்ளி கூடத் தர்றாங்க. இன்னும் எதுக்கு இந்த யூனிஃபார்ம்?"

2019 கடைசியில் என்னிடம் இப்படிக் கேட்டவர் சிங்கப்பூர் ஆகாயப்படையில் விமானப் பராமரிப்பு பார்த்த ஒரு தம்பி. அப்போது விமானத் துறை நல்ல ஏறுமுகம். கேள்வி கேட்டாரே தவிர, முடிவை எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். அடுத்த மே மாதம் கோவிட்டால் சாங்கி இரண்டாம் முனையமே மூடிக்கிடந்தது. வெளியே சேர்ந்த புது வேலையில் அவருக்கு ஓவர்டைம் போனது, அப்புறம் சம்பளத்திலும் கை வைத்தார்கள். அந்த வருடம் என்னிடம் வந்த ராணுவக் குடும்பங்களில் ஒருவர்கூட வேலையை விடுவது பற்றிப் பேசவில்லை.

நிதி ஆலோசகராக நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். வேலைச் சந்தை சூடானால் ரெகுலர்கள், அதாவது ராணுவத்தையே தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள், கிளம்புகிறார்கள், ஆறினால் ஒட்டிக்கொள்கிறார்கள். தேசிய சேவைக்கு வரும் பையன்கள் பொருளாதாரம் எப்படி இருந்தாலும் இரண்டு வருடம் வந்துதான் ஆகவேண்டும். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ரெகுலர்களை அப்படிக் கட்டிவைக்க முடியாது. 2023இல் நம் பிறப்பு விகிதம், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.97 குழந்தை. குறைந்துகொண்டே போகும் இளைஞர்களுக்காக ராணுவமும் வங்கியும் ஐடி கம்பெனியும் போட்டி போடுகின்றன.

ஊருக்கும் படைக்கும் உள்ள பணத் தொடர்பை என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருக்கு செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. 1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்புவதாக அறிவித்தபோது, நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. செம்பவாங்கில் மளிகைக் கடைக்காரர்கூடக் கடன் கொடுக்க யோசித்தாராம். தளம் கப்பல் பட்டறையாக மாறியதால் பலர் தப்பித்தார்கள்.

சரி, இன்றைய குடும்பங்களுக்கு வருவோம். 1998இல் அதிகாரிகளுக்கு ஓய்வூதியத்தின் இடத்தில் சேவர் என்ற சேமிப்புத் திட்டம் வந்தது. அதிகாரிகளுக்குக் கீழே உள்ள வாரண்ட் ஆபிசர்களுக்கும் ஸ்பெஷலிஸ்ட்களுக்கும் பிரீமியம் என்ற திட்டம். அரசு உங்கள் பெயரில் பணம் போட்டுக்கொண்டே வரும். ஆனால் சேவை ஆண்டுகள் கூடக் கூடத்தான் அது முழுதாக உங்களுடையதாகும். எண்ணூறு வெள்ளிக்காக வெளியேறிய தம்பி இதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. எத்தனை வருடம் உழைத்தால் அந்த எண்ணூறு, விட்டுவந்த தொகையை எட்டும் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் பேசவில்லை.

அதற்காகப் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பதும் சரியில்லை. வழக்கமான அதிகாரிப் பாதையில் 50 வயதில் வெளியே வரவேண்டும். சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் மத்திய சேம நிதியின் மாதாந்தரத் தொகை 65இல்தான் தொடங்கும். இடையில் பதினைந்து வருடம்! வீட்டுக் கடன் சேம நிதிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருப்பதால் பலருக்கு அது ஒரு செலவாகவே தெரிவதில்லை. சம்பளம் நின்றால் சேம நிதிச் சந்தாவும் நிற்கும். கணக்கில் இருப்பு தீர்ந்ததும் தவணையை ரொக்கமாகத்தான் கட்டவேண்டும். அந்த நேரம் பார்த்து இளையவன் பாலிடெக்னிக்கில் இருப்பான். வெளிவேலைக்கான படிப்பை 49இல் தொடங்கினால் போதும் என்று நினைப்பவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். 42இல் தொடங்குங்கள்.

என்னைப் பார்க்க வரும்போது சம்பளச் சீட்டு மட்டும் போதாது. சேவர் அல்லது பிரீமியம் கணக்கின் கடைசி அறிக்கை, வீட்டுக் கடன் பாக்கி, பாண்ட், அதாவது படையில் இருந்தே ஆகவேண்டிய ஒப்பந்தக் காலம், முடியும் தேதி மூன்றும் வேண்டும். முடிந்தால் மனைவியையும் அழைத்து வாருங்கள். அறிக்கை எந்த டிராயரில் இருக்கிறது என்று பெரும்பாலும் அவருக்குத்தான் தெரியும்.