சுகர், பிபி பாத்துட்டா மில்லு ஹெல்த் செக்கப் முடிஞ்சிடுச்சா?

கோவை, திருப்பூர் பக்கம் மில்லுங்கள்ல ஃபேக்டரி டாக்டரா இருக்கறதால சொல்றேன். வருஷத்துக்கு ஒருதடவ கேண்டீன் பக்கத்துல லேப் வேன் வந்து நிக்கும், ரத்தம் எடுப்பாங்க, பிபி பாப்பாங்க, ஆளுக்கு ஒரு பன்னு டீ, ஃபோட்டோ, அப்புறம் ஃபைல் ஹெச்ஆர் ரூமுக்குப் போயிடும், ஆடிட் வந்தா காட்டுறதுக்கு. சுகர் பாக்கறது தப்புன்னு சொல்லல, நம்ம ஊர்ல அது பாத்தே ஆகணும். ஆனா அந்தாளு செய்யுற வேலை அவர் உடம்ப என்ன பண்ணுதுன்னு அதுல தெரியவே தெரியாது.

பஞ்சப் பிரிச்சு சுத்தம் பண்ற ப்ளோ ரூம், கார்டிங்ல நிக்கறவங்கள எடுத்துக்குங்க. பஞ்சுத் தூசியால வர்ற நுரையீரல் நோய் பிசினோசிஸ் ஆரம்பத்துல எப்படின்னா, வார லீவு முடிஞ்சு வேலைக்கு வர்ற மொத நாள் நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும், மறுநாள் கொறஞ்சிடும், அவங்களும் சளின்னு விட்டுடுவாங்க. அதப் பிடிக்கணும்னா அந்த மொத நாள்லயே ஷிப்ட் ஏறுறதுக்கு முன்னாடி ஒருதடவ, இறங்குன பெறகு ஒருதடவ ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்ச அளக்கற மிஷின்ல ஊதவெச்சு எவ்ளோ கொறையுதுன்னு பாக்கணும். வேன் வர்றதோ லேப்காரங்களுக்குத் தோதான நாள்ல. அன்னிக்கு ஊதினா பல பேருக்கு நார்மல்னுதான் வரும்.

காது டெஸ்ட்டும் இதே கததான். தறி ஷெட்டுக்குப் பக்கத்து ரூம்ல, அதுவும் நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வர்றவங்களுக்கு ஆடியோமெட்ரி! சத்தத்த விட்டு வந்து 14 மணி நேரமாவது ஆகியிருக்கணும். சத்தத்தால போற காது மொதல்ல 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுன்னு கேக்கற சத்தத்துலதான் அடிவாங்கும், எதிர்ல நின்னு பேசுறது கேக்குங்கறதால ஆளுக்கே தெரியாது.

500 பேருக்கு மேல இருந்தா ஆம்புலன்ஸ் ரூம் வேணும்னு சட்டம், அதனால ரூம் இருக்கும், கட்டிலும் பாராசிட்டமாலும் இருக்கும். 2025 நவம்பர் வரைக்கும் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே பிசினோசிஸ், சத்தத்தால வர்ற காது கேளாமை ரெண்டையும் அறிவிக்க வேண்டிய நோய்னு போட்டு, பாத்த டாக்டர் தொழிற்சாலை தலைமை ஆய்வாளருக்கு எழுதணும்னு 89வது பிரிவுல சொல்லியிருந்தாங்க, இப்ப இருக்கற புதுச் சட்டத்துலயும் அப்படித்தான். யாரு எழுதுறா? சீட்டுல டஸ்ட் அலர்ஜின்னு எழுதி இன்ஹேலர் குடுத்து அனுப்பிடுறாங்க, இதனால பின்னாடி இஎஸ்ஐல தொழில் நோய்னு நஷ்டஈடு கேக்கறதும் கஷ்டமாயிடுது.

ரிப்போர்ட் காப்பிய கேட்டு வாங்கிக்குங்க, தயங்காதீங்க. குறிப்பா ஊதுன டெஸ்ட்டு, காது டெஸ்ட்டு பேப்பர். மில்லு மாறிப் போனா அங்க இருக்கற டாக்டர் பழசோட ஒப்பிட்டுப் பாக்க அது ஒண்ணுதான் இருக்கும்.