பதினோராம் எண் கூண்டு: ஹோஸ்டிங் தொழிலுக்குக் கண்காணிப்பு மென்பொருளை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று திரண்டுவிட்டால் கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். அந்த எண்கள் இந்தக் கரையோரத்துக்குப் பழக்கமானவை. 1, 2 என்றால் எங்கோ தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்தையே தொடலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். அதற்கு மேலும் ஓர் எண் இருக்கிறது: 11. பத்தை விடப் பெரிய புயல் போலிருக்கிறது என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் வானிலை மையத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதுதான் அதன் பொருள். சேதி வரவில்லை என்பதையே ஒரு சேதியாக்கி ஏற்றுகிற கூண்டு அது.

ஹோஸ்டிங் தொழில், அதாவது பிறரின் தளங்களைத் தன் சர்வர்களில் வைத்து இயக்கித் தரும் தொழில், நடத்துகிறவர் சர்வர் கண்காணிப்பு மென்பொருள் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பதினோராவது கூண்டைத்தான். சிபியு 90 சதவீதம் தாண்டினால் மணியடிக்க எல்லா மென்பொருளுக்கும் தெரியும். வண்ண வண்ணமாக வரைபடம் போடவும் தெரியும். சர்வருக்குள் ஓடி அளவைச் சொல்ல வேண்டிய சின்ன நிரலான ஏஜென்டே செத்துக் கிடக்கும்போது அது என்ன செய்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று பிரிகின்றன.

இதைப் புரிந்துகொள்ள, கண்காணிப்பு இரண்டு இடங்களிலிருந்து நடக்கிறது என்பதை மனதில் வைக்க வேண்டும். சர்வருக்கு உள்ளே ஓடும் ஏஜென்ட், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தானே எழுதி வைக்கும் கணக்கைப் படிக்கிறது: எவ்வளவு நினைவகம் மீதம், எந்த டிஸ்க் எவ்வளவு நிரம்பியது, எத்தனை வேலைகள் வரிசையில் நிற்கின்றன. வெளியே வேறோர் இடத்திலிருக்கும் சோதனை நிரல், வாடிக்கையாளரைப் போலவே தளத்தைத் திறந்து பார்க்கிறது. தளம் திறக்கிறதா என்பது வெளிக்கண்ணுக்குத் தெரியும். ஏன் திறக்கவில்லை என்பது உள்கண்ணுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் வைத்துப் பிழைப்பு நடத்த முடியாது.

மௌனத்தை எப்படிப் படிக்கிறது?

நேகியோஸ் இந்தத் துறையின் மூத்தது. ஈதன் கால்ஸ்டாட் 1999-ல் நெட்செயின்ட் என்று வெளியிட்டது, 2002-ல் இந்தப் பெயருக்கு மாறியது. அதில் ஒவ்வொரு சோதனையும் ஒரு சின்ன நிரல். வேலை முடிந்ததும் ஓர் எண்ணை விட்டுப் போகும். 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 நெருக்கடி, 3 தெரியவில்லை. அந்த 3-தான் நமது கூண்டு. ஆனால் நடைமுறையில் நடப்பது வேறு: 3 அடிக்கடி வந்து தொல்லை தருகிறது என்று அதற்கு மட்டும் அறிவிப்பை அணைத்துவிடுவார்கள். கூண்டைக் கழற்றிப் பரணில் போட்ட கதைதான்.

ஸாபிக்ஸ் லாட்வியாவில் பிறந்தது. அலெக்ஸெய் விளாடிஷெவ் எழுதி 2001-ல் பொதுவெளிக்கு வந்தது. புதிய அளவு வந்து சேரும்போதுதான் அதன் நிபந்தனைகள் பொதுவாகத் திரும்பக் கணக்கிடப்படும். அளவு வரவே இல்லை என்றால் கடைசி நிலை அப்படியே நிற்கும். கடைசியாகப் பச்சை என்றால், சர்வர் எரிந்து சாம்பலானாலும் அந்த வரி பச்சைதான். இதற்காகவே 'நோடேட்டா' என்ற சார்பு இருக்கிறது. இத்தனை நிமிடம் தகவல் இல்லையென்றால் கத்து என்று அதில் சொல்லி வைக்கலாம். கூடவே வரும் டெம்ப்ளேட்டில் ஏஜென்ட் உயிரோடிருக்கிறதா என்ற சோதனை உண்டு. நாமே சேர்க்கும் அளவுகளுக்கு, உதாரணமாக பேக்கப் கோப்பின் அளவுக்கோ, அனுப்பக் காத்திருக்கும் மடல்களின் வரிசையான மெயில் கியூவுக்கோ, அதை நாமேதான் எழுத வேண்டும். பலர் விடுவது இங்கேதான்.

புரோமிதியஸ் 2012-ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கியது. அது சர்வர்களிடம் தானே போய் அளவுகளை வாங்கி வரும். ஒவ்வொரு முறையும் 'அப்' என்ற பெயரில் 1 அல்லது 0 எழுதி வைக்கும். மௌனத்தைப் பிடிக்க இதை விட நேரான வழி கிடையாது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. டிஸ்கில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இடம் என்று அலர்ட் அடித்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். டிஸ்க் முழுக்க நிரம்பி சர்வரே விழுந்துவிடுகிறது. அளவு வருவது நின்றதும் அந்த நிபந்தனைக்குக் கணக்கிட எதுவும் இல்லை. நிபந்தனை மறைந்ததால் அலர்ட் தானே முடிந்துபோகும். 'சரியாகிவிட்டது' என்று போனுக்குச் செய்தி வரும். நள்ளிரவில் அதைப் பார்த்தவர் திரும்பிப் படுத்துத் தூங்குவார். ஆகவே 'அப்' 0 ஆனால் தனி அலர்ட் என்பது புரோமிதியஸில் எழுத வேண்டிய முதல் வரி.

அப்டைம் குமா பெரும்பாலும் வெளிக்கண். அரைமணி நேரத்தில் நிறுவிவிடலாம். அதிலிருக்கும் 'புஷ்' வகைச் சோதனை நேரெதிராக வேலை செய்கிறது: குறித்த நேரத்துக்குள் சர்வரிடமிருந்து ஒரு தட்டல் வர வேண்டும், வராவிட்டால் அலர்ட். பேக்கப் வேலைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

பேக்கப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் முழுப் பிரதியை (டம்ப்) எடுத்து, ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்ததற்குக் கடத்தும் பைப் வழியாக ஜிஸிப் என்ற நிரலுக்கு அனுப்பிச் சுருக்குவது எங்கும் உள்ள வழக்கம். கடவுச்சொல் மாறி டம்ப் தோற்றுப்போனாலும் ஜிஸிப் தன் வேலையைச் சரியாகவே முடிக்கும், வெற்றி என்று 0 விட்டுப் போகும். விளைவு, ஒவ்வொரு நாளும் சரியான தேதியோடு ஒரு கோப்பு. திறந்து பார்த்தால் 20 பைட். வெறுமையைச் சுருக்கினால் ஜிஸிப் தரும் அளவு அது. தலைப்புக்கு 10, உள்ளே 2, முடிவுக்கு 8. பைப்பில் எந்த நிரல் தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் 'பைப்ஃபெயில்' அமைப்பைப் போடாதவரை ஸ்கிரிப்டுக்கே தோல்வி தெரியாது, கோப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் கண்காணிப்புக்கு இது தெரியவே தெரியாது. கோப்பின் அளவையும் கேட்க வேண்டும். நேற்றைய அளவில் பாதிக்குக் கீழே போனால் அலர்ட் வைக்கலாம்.

எதை அளப்பது

சிபியு, நினைவகம், டிஸ்க் என்ற மூன்றோடு நின்றுவிட்டால் ஹோஸ்டிங் சர்வரில் நடப்பதில் பாதிக்கு மேல் கண்ணில் படாது. சனிக்கிழமை காலை, ஈசிஆரில் வண்டியை ஓட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு வருகிறவர்கள் போனில் அறை தேடுகிற நேரம். ஒயிட் டவுன் விருந்தினர் இல்லம் ஒன்றின் முன்பதிவுப் பக்கம் திறக்க 20 விநாடி ஆகிறது. சர்வரில் 8 கோர், லோடு 25, ஆனால் சிபியு 70 சதவீதம் சும்மா இருக்கிறது. முரணாகத் தெரியும், முரண் இல்லை. லினக்ஸ் சொல்லும் லோடு, சிபியுவில் ஓடும், அதற்குக் காத்திருக்கும் வேலைகளோடு டிஸ்குக்குக் காத்திருக்கும் வேலைகளையும் சேர்த்து எண்ணுகிறது. அதிகாலை 2 மணிக்கு என்று எழுதிய பேக்கப், சர்வர் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால், நம்மூர்க் கணக்கில் காலை 7:30-க்குத்தான் தொடங்கும். டிஸ்கை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைக் காட்டிக்கொடுப்பது ஐஓ காத்திருப்பு என்ற அளவு, அதாவது டிஸ்குக்காகச் சிபியு சும்மா காத்திருந்த நேரம். வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்) என்றால் 'ஸ்டீல்' என்ற அளவையும் பார்க்க வேண்டும். அதே இயந்திரத்தில் குடியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் நம் சிபியு நேரத்தை எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்பது அதில் தெரியும். அது 10 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் நம் சர்வரில் எதைச் சரிசெய்தும் பயனில்லை, இடத்தை மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது ஐனோடு, ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் குறித்து வைக்கும் பதிவு. டிஸ்கில் 40 ஜிபி காலியாக இருக்கும்போதே 'இடமில்லை' என்று பிழை வரும். இஎக்ஸ்டி-4 கோப்பு முறை, டிஸ்கைத் தயார்செய்யும்போதே 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில் ஐனோடுகளை ஒதுக்கிவிடுகிறது. 100 ஜிபி டிஸ்குக்குச் சுமார் 65 லட்சம். ஒரு கோப்புக்கு ஓர் ஐனோடு. கோப்பு 1 பைட்டாக இருந்தாலும் அதே கணக்கு. மெயில்பாக்ஸில் ஒரு மடல் ஒரு கோப்பு, பிஎச்பி செஷன் ஒரு கோப்பு, கேஷ் துண்டு ஒரு கோப்பு. பகிர்ந்த ஹோஸ்டிங்கில் இது தீர்ந்துபோவது அரிய நிகழ்வே அல்ல. பிறகு அதை ஏற்றவும் முடியாது. கோப்புகளை அழிக்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்கையே பெரிதாக்க வேண்டும்.

மெயில் கியூ இன்னொன்று. யாரோ ஒருவரின் பழைய வேர்ட்பிரஸ் உடைக்கப்பட்டு, அதன் வழியாகக் குப்பை மடல்கள் போகத் தொடங்கும். சிபியு அசையாது, டிஸ்க் அசையாது. கியூ மட்டும் முப்பதிலிருந்து ஆயிரங்களுக்கு ஏறும். ஐபி முகவரி தடைப்பட்டியலில் விழுந்த பிறகு, ஒரு பாவமும் அறியாத மற்ற வாடிக்கையாளர்களின் மடல்களும் திரும்பி வரும். நூறு கணக்குகள் உள்ள சர்வரில் 500-ஐ எல்லையாக வைத்துத் தொடங்கி, ஒரு மாதம் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் எஸ்எஸ்எல் சான்றிதழை எப்போதும் வெளிக்கண்ணால் பார்க்க வேண்டும். சர்வரில் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கும், வெப் சர்வரை ரீலோடு செய்திருக்க மாட்டார்கள். வாசலில் பழைய சான்றிதழே தொங்கும். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், காலாவதி நினைவூட்டல் மடல்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-ல் 100 நாள், 2029-ல் 47 நாள் என்று சுருங்குகிறது. கையால் புதுப்பிக்கிறவர்களுக்கு இனி காலம் இல்லை.

எத்தனை நொடிக்கு ஒருமுறை, எவ்வளவு இடம்

வாடிக்கையாளருக்கு 99.9 சதவீதம் இயங்கும் என்று வாக்குக் கொடுத்தால், 30 நாளில் 43 நிமிடம் 12 விநாடி மட்டுமே விழலாம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்து, மூன்று முறை தவறினால் அலர்ட் என்று வைத்தால், நமக்குத் தெரியவே 15 நிமிடம் வரை ஆகும். மாதக் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு கேள்விப்படுவதற்கே போய்விட்டது. வெளிச்சோதனைக்கு 1 நிமிடம், மூன்று முறை உறுதி என்பது நல்ல அளவு. 'சரி' என்று பொருள்படும் 200 என்ற பதில் வந்ததா என்பதோடு நிற்காமல், பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உடைக்கப்பட்டுச் சூதாட்ட விளம்பரமாகிப்போன தளமும் 200-தான் தரும்.

சேமிப்புக் கணக்கு பலரைப் பிறகு கடிக்கும். 50 சர்வர், ஒன்றுக்கு 1,000 அளவுகள், 15 விநாடிக்கு ஒருமுறை என்றால் புரோமிதியஸில் நாளுக்கு 28.8 கோடி அளவுகள். ஒன்றுக்கு 1 முதல் 2 பைட் வரை மட்டுமே எடுப்பதால் நாளுக்கு 600 எம்பிக்குள் அடங்கும். ஸாபிக்ஸ் இதையே மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளத்தில் வரி வரியாக எழுதுகிறது. ஓர் அளவுக்குச் சுமார் 90 பைட். 50 சர்வர், தலைக்கு 100 அளவுகள், நிமிடத்துக்கு ஒருமுறை என்றாலே நாளுக்கு 72 லட்சம் வரிகள், 650 எம்பி. எழுதுவது பெரிதல்ல, பழையதை அழிப்பதில்தான் தரவுத்தளம் மூச்சுமுட்டும். அட்டவணைகளை நாள்வாரியாகப் பிரித்து வைப்பதை முதல் வாரமே செய்துவிட வேண்டும்.

டிஸ்குக்குச் சதவீத எல்லை வைப்பது சோம்பேறித்தனம். 4 டிபி டிஸ்கில் 90 சதவீதம் என்றால் இன்னும் 400 ஜிபி இருக்கிறது. 20 ஜிபியில் 90 என்றால் மிச்சம் 2 ஜிபி, ஓடிப்போன ஒரு லாக் கோப்பு ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும். இப்போதைய வேகத்தில் 24 மணி நேரத்துக்குள் நிரம்புமா என்று கணிக்கும் சார்பு ஸாபிக்ஸிலும் புரோமிதியஸிலும் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். சிபியு போல ஏறி இறங்கும் அளவுகளுக்கு, 90-ல் அலர்ட் தொடங்கினால் 80-க்கு இறங்கிய பிறகே முடியட்டும். ஒரே எல்லை என்றால் 89-க்கும் 91-க்கும் இடையே ஊசலாடி இரவெல்லாம் போனை அடிக்கும், மூன்றாம் நாள் எல்லா அலர்ட்டையும் மியூட்டில் போட்டிருப்பீர்கள்.

ஐந்து சர்வருக்குள் என்றால் அப்டைம் குமாவும், ஒவ்வொரு சர்வரிலும் உள்கண்ணாக நெட்டேட்டா மென்பொருளும் போதும். ஐந்திலிருந்து நூறு வரை, சிபேனல் (ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் மென்பொருள்) மாதிரியான வழக்கமான ஹோஸ்டிங்குக்கு ஸாபிக்ஸே எங்கள் தேர்வு. டெம்ப்ளேட், பயனர் அனுமதி, அலர்ட் ஏற்பாடு எல்லாம் ஒரே கூரைக்குள். கன்டெய்னர்கள் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் பொட்டலங்கள்) நாளுக்கு நாள் பிறந்து மறையும் இடத்துக்குப் புரோமிதியஸ். நேகியோஸ் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம்.

புயல் நாளில் யார் போன் அடிக்கும்?

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. மும்பை டேட்டா சென்டரிலுள்ள சர்வர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி லாஸ்பேட்டையிலோ அலுவலக மேசைக்குக் கீழே வைத்த கண்காணிப்பு இயந்திரம் யுபிஎஸ் தீர்ந்ததும் அணைந்துவிடும். கண்காணிப்பை அலுவலகத்தில் வைக்கக் கூடாது. கண்காணிக்கப்படும் சர்வர்கள் இருக்கும் அதே டேட்டா சென்டரிலும் வைக்கக் கூடாது. வேறு நிறுவனத்திடம், வேறு ஊரில் ஒரு சின்ன விபிஎஸ் போதும். அலர்ட் பெறுபவர்களில் ஒருவராவது திருச்சியிலோ கோவையிலோ இருக்கட்டும். பத்து நிமிடத்தில் முதல் ஆள் ஏற்கவில்லையென்றால் அவருக்குப் போகும்படி அமையுங்கள். டேட்டா சிக்னல் போன பிறகும் எஸ்எம்எஸ் வர வாய்ப்புண்டு. ஆனால் நிறுவனமாக எஸ்எம்எஸ் அனுப்ப தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎல்டி பதிவு முறைப்படி அனுப்புநர் பெயரையும் வாசக வடிவத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும். அது ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை.

கண்காணிப்பையே கண்காணிக்க, அது நிமிடத்துக்கு ஒருமுறை மூன்றாம் இடம் ஒன்றுக்குத் தட்டல் அனுப்பட்டும். தட்டல் நின்றால் அந்த இடம் நம்மை எழுப்ப வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை சர்வரில் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஏஜென்டை நிறுத்துங்கள். ஸாபிக்ஸ் என்றால் ஃபயர்வாலில் ஏஜென்ட் பேசும் வாசலான 10050 போர்ட்டை மூடுங்கள். லட்சக்கணக்கில் வெற்றுக் கோப்புகளை உருவாக்கி ஐனோடைத் தீர்த்துவிடுங்கள். பேக்கப் ஸ்கிரிப்டில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடைசியாகக் கண்காணிப்பு இயந்திரத்தையே அணைத்துவிட்டு, போனை மேசையில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்துக்கும் ஐந்து அலர்ட் வந்தால் வைத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்குப் புரட்டாசி முடிவதுதான் கடைசிக் கெடு. ஐப்பசி பிறந்துவிட்டால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.