ஒழுகும் வீடும் உள்ளே மாட்டிய லீஸ் பணமும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூன் மாதம், கிருஷ்ணகிரியில் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஒரு செவிலியர் வந்தார். கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கான்கிரீட் சில்லு. அதன் ஒரு பக்கம் முழுக்கத் துருக்கறை.

"நேற்று இரவு தொட்டில் கட்டும் இடத்தில் விழுந்தது சார். குழந்தை என் பக்கத்தில் படுத்திருந்ததால் தப்பித்தான்."

ஆறு லட்சம் ரூபாய் லீஸ், மூன்று வருடக் கெடு. ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. முதல் மழையிலேயே மேல்தளம் ஓதம் காத்தது. பிறகு காரை பெயர்ந்தது. பிறகு கம்பி தெரிந்தது. வீட்டுக்காரருக்கு மாந்தோப்பு உண்டு. எப்போது கேட்டாலும் "மாங்காய் சீசன் முடியட்டும்மா" என்பார். ஒரு சீசன் முடிந்து அடுத்ததும் முடியப்போகிறது. பொறுக்க முடியாமல் "காலி செய்துவிடுகிறோம் அண்ணா, பணத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். "அதற்கென்னம்மா, அடுத்த ஆள் வரட்டும். அவர் கொடுப்பதை அப்படியே உங்களிடம் தந்துவிடுகிறேன்" என்று பதில்.

எங்கள் பக்கத்து லீஸ் வழக்குகளில் முக்கால்வாசி இந்த ஒரு வாக்கியத்தில்தான் வந்து நிற்கும். ஒழுகுகிறது என்றுதான் இவர் கிளம்புகிறார். அதே ஒழுகலுக்குள் இன்னொருவர் விரும்பி வந்தால்தான் இவருக்குப் பணம். அந்த இன்னொருவர் பார்க்க வரும் நாளில் இவர் என்ன சொல்வார்? உண்மையைச் சொன்னால் ஆறு லட்சம் நகராது. சொல்லாவிட்டால் தன் தலைவலியை வேறொரு குடும்பத்தின் தலையில் கட்டியதாகும். சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மொத்தமாக ஒரு தொகை, மாத வாடகை இல்லை, கெடு முடிந்தால் தொகை திரும்ப வரும். இதை நம் ஊரில் லீஸ் என்றும் சொல்கிறோம், போக்கியம் என்றும் சொல்கிறோம். பேச்சில் இரண்டும் ஒன்றுதான். சட்டத்தில் ஒன்றல்ல. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி சுவாதீனத்தோடு கூடிய போக்கியம், அதாவது சொத்தைக் கைவசம் ஒப்படைக்கும் போக்கியம், ஒருவகை அடமானம். அதைப் பதிவுசெய்ய வேண்டும். அப்படி முறையாகப் பதிவான போக்கியத்தில், பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், சொத்தின் வருமானத்தில் செய்யக்கூடிய அவசியமான பழுதுபார்ப்பைச் சுவாதீனத்தில் இருப்பவரே செய்ய வேண்டும் என்கிறது 76ஆம் பிரிவு. குடியிருப்பவர் தலையிலேயே விழுகிறது பாருங்கள்! பலர் இதைக் கேட்டுத் திடுக்கிடுகிறார்கள். ஆகவே கையில் இருக்கும் காகிதத்தின் தலைப்பை மட்டும் பார்க்காமல் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். செவிலியரிடம் இருந்தது முத்திரைத் தாளில் தட்டச்சு செய்த இரண்டு பக்கம். பழுது பற்றி ஒரு சொல்கூட இல்லை. "வீட்டைச் சேதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும்" என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

மாத வாடகை வீடு என்றால் வழி தெளிவு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் 15ஆம் பிரிவும் இரண்டாவது அட்டவணையும் யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பிரித்திருக்கின்றன. கட்டடத்தின் கட்டமைப்பு, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, மின்கம்பி இணைப்பு எல்லாம் உரிமையாளர் பங்கு. குழாய்த் திருகு, சுவிட்சு, பூட்டு, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பங்கு. உரிமையாளர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் நாமே செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக்கூடாது. குடியிருக்கவே முடியாத நிலை, எழுத்தில் கேட்டும் மறுக்கிறார் என்றால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காலி செய்யலாம். கெடு மீதம் இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம்.

கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடுபவர்கள்தான் தோற்கிறார்கள். அதுவரை ஒழுகும் கூரையைப் பற்றி இருந்த வழக்கு, அன்றிலிருந்து வாடகை பாக்கி வழக்காகிவிடும். வெளியேற்றக் கேட்பதற்கான காரணத்தை நாமே உரிமையாளர் கையில் எழுதிக் கொடுத்த மாதிரி.

லீசில் கழிப்பதற்கு வாடகையே கிடையாது. அங்கே குடியிருப்பவரின் ஒரே பிடி சாவிதான். மாத வாடகைக்காரரிடம் நான் சொல்வது: பொருளை எடுத்த அன்றே சாவியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள், சாவி உங்களிடம் இருக்கும்வரை வாடகை ஓடும் என்று வாதிடுவார்கள். லீஸ்காரரிடம் சொல்வது நேர் எதிர்: பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான கூரை என்றால் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். ஆனால் நாலு சாமானை வைத்துப் பூட்டிவிட்டு, "பாதுகாப்பில்லாததால் வெளியே தங்குகிறோம், சுவாதீனத்தை விடவில்லை" என்று அறிவிப்பில் எழுதுங்கள்.

செவிலியர் ஒன்றரை வருடமாக வாய்மொழியாகத்தான் கேட்டிருந்தார். நல்லவேளையாக, வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் சில இருந்தன. "பார்க்கிறேன் மா" என்று வீட்டுக்காரர் பதில் போட்டிருந்தார். அந்த இரண்டு சொற்கள் எனக்குத் தங்கம். பழுது அவருக்குத் தெரியும் என்பதற்கு வேறென்ன வேண்டும்? இத்தகைய செய்திகளை அழிக்காதீர்கள், பழைய போனை விற்றும்விடாதீர்கள். நீதிமன்றத்தில் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். ஒரு பொறியாளரை அழைத்துக் கூரையைப் பார்த்து எழுதித் தரச் சொன்னோம். பிறகு அறிவிப்பு. அப்போது பதிவுத் தபால். 2025இல் அதை விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள். இப்போது விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ப்பித்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

மழைச்சேதம் வேறு கதை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. வெள்ளத்தாலோ புயலாலோ வீட்டின் முக்கியப் பகுதி முழுக்க அழிந்தால், அல்லது நிரந்தரமாக உதவாமல் போனால், குடியிருப்பவர் விரும்பினால் குத்தகை செல்லாததாகிவிடும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. சுவரில் ஈரம் ஏறியதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

செவிலியர் வழக்கு நீதிமன்றம்வரை போகவில்லை. அறிவிப்பு கிடைத்த பத்தாம் நாள் வீட்டுக்காரர் என் அலுவலகத்துக்கே வந்தார். கெட்டவர் இல்லை. லீஸ் பணம் வாங்கிய மாதமே தோப்பில் போர் போட்டுவிட்டார், தண்ணீரும் வரவில்லை. மாங்காய் விற்ற பணத்தில் மூன்று லட்சம், மீதி மூன்று லட்சம் நான்கு மாதத்தில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது தவணை வந்த அன்றுதான் சாவி கைமாறியது. இடைப்பட்ட மாதங்களில் அந்தக் குடும்பம் மாமியார் வீட்டில் இருந்தது.

அடுத்த வீட்டையும் அவர்கள் லீசுக்குத்தான் பிடித்தார்கள்; மாத வாடகை கட்டுப்படியாகாது என்றார். இந்த முறை கையெழுத்துக்கு முன்பே வந்தார். ஒரு பத்தி சேர்த்தேன்: "கூரை, சுவர், குழாய், மின்கம்பி ஆகியவற்றில் ஏற்படும் பழுதை எழுத்தில் தெரிவித்த 30 நாளுக்குள் உரிமையாளர் சரிசெய்ய வேண்டும். தவறினால் குடியிருப்பவர் குத்தகையை முடித்துக்கொள்ளலாம். அடுத்த குடித்தனக்காரர் வருகிறாரா என்பதைப் பொருட்படுத்தாமல் முழுத் தொகையையும் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்."

புது வீட்டுக்காரர் இரண்டு முறை படித்தார். இரண்டாவது 30ஐ அடித்து 60 என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார்.