ஹேண்ட் பிரேக்கை நம்பி ஜீப்புக்கு அடியில் படுக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பழைய ஃபோர் வீல் வண்டிகளுக்கு (நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும் ஜீப் வகை) இன்றைக்கும் மவுசு உண்டு. லேண்ட் ரோவர் சீரீஸ் 3, லேண்ட் குரூசர் 40, சுசுகி எஸ்ஜே410 என்று ஏதாவது ஒன்றை வாங்கி, தாமான் (குடியிருப்பு) வீட்டுப் போர்ச்சில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே பிரித்துப் பழுது பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பெங்கெலுக்கு (பட்டறைக்கு) வந்து கேட்பதெல்லாம் பெயிண்டையும் டயரையும் பற்றித்தான். ஜாக் போடுவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சீரீஸ் லேண்ட் ரோவரிலும் எஸ்ஜே410-இலும் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில் இல்லை. இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஒரு டிரம் இருக்கும். லீவரை இழுத்தால் அது பிடிப்பது பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை மட்டுமே. ஷாஃப்ட் நின்றாலும், ஆக்சிலின் நடுவே இருக்கும் டிஃப்பின் (டிஃபரன்ஷியல்) உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் ஒரு சக்கரத்தை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் சுற்ற விடும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினீர்கள் என்றால், அது அந்தரத்தில் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். பிரேக் இழுத்தபடியே இருக்கும், வண்டி நகர்ந்துவிடும், ஜாக் சாயும். கியரில் விட்டிருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் கியரும் அதே ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. மழைத்தண்ணீர் வடிவதற்காக நம் போர்ச்சுகள் எல்லாம் கேட்டுப் பக்கம் சரிவாகத்தான் போடப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பின்பக்கம் தூக்குவதற்கு முன், முன் சக்கரங்களில் ஃப்ரீ வீல் ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும், பிரிக்கும் திருகு) இருந்தால் இரண்டையும் லாக்கில் திருப்புங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸை லோ ரேஞ்ச் ஃபோர் வீலில் (முன் ஆக்சிலும் சேர்ந்து பிடிக்கும் நிலை) போட்டு, முதல் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுங்கள்.  பிறகு முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இரு பக்கமும் கட்டை. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் என்றால், முன், பின் ஷாஃப்டுகளுக்கு நடுவே இருக்கும் சென்டர் டிஃப்பின் லாக்கும் போட வேண்டும்.

ஜாக் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. 3 டன் ஜாக் ஸ்டேண்ட் ஒரு ஜோடி வாங்கி ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள். சிமெண்ட் கல்லை அடுக்குவது வேண்டாம். அது விரிசல் காட்டிவிட்டு உடைவதில்லை, சட்டென்று நொறுங்கும். உள்ளே போகும் முன் வண்டியைப் பக்கவாட்டில் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் அப்போதே விழட்டும்.

அடுத்தது துரு. செம்பனைத் தோட்டத்தில் ஓடிய வண்டி என்றால் உர மூட்டை ஏற்றியிருக்கும். பொட்டாசியம் குளோரைடு உரம் இரும்புக்குக் கடல் உப்பைப் போலவே எமன். அது மண்ணோடு சேர்ந்து சேசியின் (வண்டியின் அடிச்சட்டம்) உள்ளே புகுந்து, தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடும். வெளியே புது பெயிண்ட் மின்னும், உள்ளே இரும்பு தாளாகிக் கிடக்கும். சுத்தியலால் ஓர் அடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் நல்லது. மொத்தென்று சத்தம் வந்தால் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பின் கிராஸ் மெம்பரும் (குறுக்குச் சட்டம்), ஸ்பிரிங் கட்டும் இடங்களும்தான் முதலில் போகும்.

மெல்லிய இரும்பின் மேல் தகடு ஒட்டி வெல்டிங் வைப்பது காசைக் கரியாக்கும் வேலை. நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்துவிட்டு, சேசியின் தடிமனுக்குக் குறையாத தகடு போடுங்கள். தகட்டின் ஓரம் சேசிக்குக் குறுக்கே நேர்கோடாக வந்தால் அந்தக் கோட்டிலேயே பின்னால் விரிசல் விடும், சாய்வாக வெட்டுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கை இறக்கித் தள்ளி வையுங்கள். காலி டேங்கில் வெல்டிங் வைக்கவே கூடாது. மிச்சமிருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

டிஃப் எண்ணெய் மாற்றும்போது மேலே ஊற்றும் நட்டை முதலில் கழற்றுங்கள். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். எண்ணெய் தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சூடான ஆக்சில் ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். மேலே இருக்கும் பிரீத்தர் (காற்று போய்வரும் துளை) சேற்றால் அடைபட்டிருந்தால், சீல் வழியாகத் தண்ணீரைத்தான் உறிஞ்சும். புது எண்ணெய் மட்டும் ஊற்றினால் அடுத்த ஓடையில் அதே கதை. பிரீத்தரைச் சுத்தம் செய்து, ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

லேண்ட் குரூசரின் முன் சக்கர உட்புறத்தில் கருப்பாக ஒழுகினால் வெளி சீலைக் குறை சொல்லாதீர்கள். ஆக்சிலின் உள் சீல் தேய்ந்து, டிஃப் எண்ணெய் நக்கிளில் (சக்கரம் திரும்பும் மூட்டு) இருக்கும் கிரீஸைக் கரைத்துக்கொண்டு வருகிறது. உள் சீலையும் சேர்த்து மாற்றினால்தான் ஒழுகல் நிற்கும்.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றை அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். தூசியை நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறியுங்கள். பிள்ளைகள் விளையாடுகிற இடம் அது.

கடைசியாக சேசி நம்பர். துரு எடுக்கும் வேகத்தில் அதன் மேல் கிரைண்டர் ஓடினால், பெயர் மாற்றும்போது வாகனப் பரிசோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். வேலை தொடங்கும் முன்பே நம்பர் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துப் படம் எடுத்து வைத்து, அந்த இடத்தை மட்டும் ஒயர் பிரஷ்ஷால் கையாலேயே மெதுவாகத் துடையுங்கள்.