ஆர்எம்எஸ் என்றால் சராசரி அல்ல

மின்தர அளவீட்டு அறிக்கைகளைத் தமிழில் தருகிறவர்கள் ஆர்எம்எஸ் மின்னழுத்தத்தைச் "சராசரி மின்னழுத்தம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அண்மையில் ஒரு கையேட்டில் "சராசரி மின்னழுத்தத்தின் 10 நிமிடச் சராசரி" என்று கண்டதும் பொறுமை போய்விட்டது. அதே கையேட்டில் "உண்மைச் சராசரி மீட்டர்" என்றும் ஒன்று இருந்தது. ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டராம்.

ஆர்எம்எஸ் என்பது ரூட் மீன் ஸ்கொயர்: மூலம், சராசரி, இருமடி. செய்முறை இதற்குத் தலைகீழ். ஒவ்வொரு கணத்தின் அளவையும் அதனாலேயே பெருக்கி இருமடியாக்கி (வர்க்கமாக்கி), அவற்றின் சராசரி கண்டு, கடைசியில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சொல்லின் கதை அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் இப்படிக் கணக்கிட்ட எண். அலையின் உச்சம் சுமார் 325 வோல்ட். முழுச் சுற்றுக்குச் சராசரி பார்த்தால் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் கழிந்து சுழிதான் மிஞ்சும். கூட்டல், கழித்தல் குறியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் சுமார் 207 வரும். எப்படிச் சராசரி போட்டாலும் 230 வராது.

மின்னோட்டத்தில் இந்தக் குழப்பம் கம்பியையே சுட்டுவிடும். ஒரு சுமை ஒவ்வொரு அரைச் சுற்றிலும் பாதி நேரம் 10 ஆம்பியர் இழுக்கிறது, மீதி நேரம் ஒன்றும் இழுப்பதில்லை என்று வையுங்கள். குறி பார்க்காத சராசரி 5. இருமடிகள் 100, 0, அவற்றின் சராசரி 50, மூலம் 7.07. கம்பியின் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப ஏறும். ஆகவே 5 என்று நம்பிக் கம்பி போட்டவருக்கு அவர் நினைத்ததைப் போல இரட்டிப்புச் சூடு. மலிவான மீட்டர்கள் பல, குறி நீக்கிய சராசரியை அளந்து 1.11 ஆல் பெருக்கிக் காட்டும். வீட்டு மின்சாரம் போலச் சீராக ஏறி இறங்கும் சைன் அலைக்கு அது சரி. இந்தச் சுமைக்கு 5.55 என்று காட்டும். "நான் அந்தச் சராசரி மீட்டர் இல்லை" என்று சொல்லத்தான் ட்ரூ ஆர்எம்எஸ் என்ற பெயரே. அதற்குப் போய் உண்மைச் சராசரி!

சரி, வேறு என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூலில் "சராசரி இருமடிமூலம்" உண்டு. அதை மூலங்களின் சராசரி என்று ஒருவர் படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இலங்கையில் "இடை வர்க்க மூலம்" என்பார்கள். கச்சிதமான சொல், ஆனால் இங்கே "இடை" என்றதும் யாருக்கும் சராசரி நினைவுக்கு வராது. வர்க்கம் வடசொல் என்று தள்ளுகிறவர்கள், பாரசீக வழி வந்த சராசரியை மட்டும் வீட்டுப் பிள்ளைபோல வைத்திருப்பது தனி வேடிக்கை.

கணக்கை விளக்கும்போது "இருமடிச் சராசரி மூலம்" என்பேன். செய்கிற வரிசையிலேயே சொல்லும் அமைந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. அறிக்கையில் எழுதப் "பயனுறு மதிப்பு" போதும்: அதே மின்தடையில் அதே சூட்டைத் தரும் நேர்த்திசை மின்சாரத்தின் அளவு. இதையும் "பயனுள்ள மின்னழுத்தம்" என்று மாற்றுகிற மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். பயனற்ற மின்னழுத்தம் எந்த முனையில் வருகிறது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் அந்த "10 நிமிடச் சராசரி". மின்தரத்தை அளக்கும் முறைகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61000-4-30 இன்படி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10 சுற்றுக்கு, அதாவது சுமார் 200 மில்லிவினாடிக்கு, ஒரு பயனுறு மதிப்பு எடுப்பார்கள். அவற்றை 10 நிமிடத்துக்குச் சேர்க்கும்போதும் மறுபடி இருமடி, சராசரி, மூலம்தான். வெறுமனே கூட்டி வகுத்த எண் அதில் எங்கும் இல்லை. அட்டவணைத் தலைப்பில் "பயனுறு மின்னழுத்தம், 10 நிமிடத் தொகுப்பு" என்று போடலாம். இடம் போதாவிட்டால் ஆர்எம்எஸ் என்றே போடுங்கள், லைன்மேனுக்கும் புரியும்.